41வது நிமிடத்தில் ஏதோ ஆடுகிறது

பல ட்ராக்குகளை இடைவெளி இல்லாமல் கோத்து நான் பதிவு செய்த டிஜே மிக்ஸைக் கேட்டுவிட்டு அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான்: "தம்பி, 41வது நிமிஷத்துல ஏதோ ஆடுது. பீட் இல்ல, வேற என்னமோ. கேட்டுப் பாரு."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பல வருடங்களாக டிஜே வேலை பார்ப்பவர். இரண்டு ட்ராக்கைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டுமே சேர்ப்பது எப்படி என்று எனக்கு முதலில் காட்டியவர். அவர் ஒரு நிமிடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் அந்த நிமிடத்தில் கட்டாயம் ஏதோ இருக்கும். ஆனால் அந்த ஆட்டம் என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. அதற்குள் மிக்ஸில் வேறு இரண்டு ஓட்டைகளும் தெரிந்துவிட்டன.

மிக்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 13 ட்ராக், 78 நிமிடம். 122 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 122 அடி) தொடங்கி 125இல் முடிகிறது. முழுக்க ப்ராக்ரஸிவ் ஹவுஸ் (மெல்ல மெல்ல வளரும் மின்னணு நடன இசை), அதிலும் இரவின் உச்ச நேரத்துக்கான பீக் டைம் வகை. பழைய மிக்ஸ் சிடிகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு 80 நிமிடம்தான் ஒரு மிக்ஸின் எல்லை. சிடியில் அதற்கு மேல் இடமில்லை. இன்று அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த அளவுக்குள் ஒரு இரவின் வடிவத்தைக் கொண்டுவர எனக்குப் பிடிக்கும்.

பீக் டைம் என்பதைப் பலர் "அடிச்சு நொறுக்கும் நேரம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். டெக்னோவிலோ பெரிய மேடைகளின் நடன இசையான இடிஎம்மிலோ அது சரியாக இருக்கலாம். ப்ராக்ரஸிவ் ஹவுஸில் கதை வேறு. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே இதன் பலம் நீளத்தில்தான் இருக்கிறது. டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் நியூயார்க்கின் ட்விலோ கிளப்பில், 2001இல் அது மூடப்படும்வரை, மாதம் ஒரு இரவு விடிய விடிய வாசித்தார்கள். அர்ஜென்டினா டிஜே ஹெர்னான் கட்டானியோவும் மணிக்கணக்கில் நீளும் செட்டுகளுக்குப் பேர் போனவர். அப்படிப்பட்ட இரவுகளில் உச்சம் என்பது சத்தத்தால் வருவதில்லை. முன்பே எடுத்து வைத்த ஏதோ ஒன்று திரும்பி வரும்போதுதான் அது வருகிறது. இதை நான் முன்பே படித்திருந்தேன், ஒப்புக்கொண்டும் இருந்தேன். ஆனால் என் மிக்ஸில் அது இல்லை என்பதை மூன்று பேர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று பேருக்கு அனுப்பினேன்: அண்ணன், என் தங்கை, கல்லூரி நண்பன் ஒருவன். ட்ராக் பட்டியலை அனுப்பவில்லை. பட்டியல் இருந்தால் பெயரைப் பார்த்துக் கேட்பார்கள். "எப்படி இருக்கு?" என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு "சூப்பர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. மூன்றே கேள்விகள்: எந்த நிமிடத்தில் போனை எடுத்துப் பார்த்தாய்? எங்கே சத்தத்தைக் கூட்டினாய் அல்லது குறைத்தாய்? எங்கே நிறுத்தினாய்? நிமிடக் கணக்கு மட்டும் போதும், காரணத்தை நான் தேடிக்கொள்கிறேன் என்று சொன்னேன். மிக்ஸைப் பகிர்ந்து கருத்துக் கேட்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதைத்தான்.

சரி, 41வது நிமிடம்.

அங்கே ஏழாவது ட்ராக்கிலிருந்து எட்டாவதுக்கு மாறுகிறேன். இரண்டும் ஏ மைனர். ஒன்றோடொன்று சேரும் சுருதிகளை எண்ணால் காட்டும் கேம்லாட் சக்கரத்தில் இரண்டுக்கும் 8ஏ என்ற ஒரே எண். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் நீளமாக இழுக்கும் சின்த் (சின்தசைசர்) ஒலி உண்டு. 48 பார் (ஒரு பாருக்கு நாலு அடி) சேர்ந்து ஓடுகின்றன. 124 பிபிஎம்மில் 48 பார் என்றால் ஒன்றரை நிமிடம்.

"பீட் இல்ல" என்று அண்ணன் தெளிவாகச் சொல்லியும் நான் முதலில் சந்தேகப்பட்டது பீட்டைத்தான். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் இரண்டு ட்ராக்கின் பீட்கிரிட்டையும் (தாள அடிகள் விழும் இடங்களின் கோடுகள்) மீண்டும் சரிபார்த்தேன். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கிக் எனும் டிரம்மின் ஒவ்வொரு அடியின் விளிம்பையும் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மாலைகள் இதில் போயின. அடுத்து, தாழ்ந்த பேஸ் ஒலிகள் மோதுகின்றனவோ என்று பார்த்தேன். பழைய ட்ராக்கின் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முழுதாகக் குறைத்த பிறகுதான் புதியதை ஏற்றியிருந்தேன். அதிலும் தவறில்லை.

அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கண் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் மறைப்புடன் கூடத்தில் படுத்திருந்தார். டிவி பார்க்கவில்லை, படிக்கவும் இல்லை. ஆக, என் அறையிலிருந்து வரும் சத்தம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. சின்ன வயதில் வருடக்கணக்கில் வீணை கற்றவர். நான் லோவையும் ஹையையும் குறைத்துவிட்டு, நடுவில் உள்ள அந்த இழுவை ஒலியை மட்டும் நாலு பார் லூப்பில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா, ரெண்டு தம்புரா வச்சிருக்கியா உள்ள?"

"இல்ல பெரியம்மா, ரெண்டு பாட்டு."

"ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் ஏறி நிக்குது. அதான் அலையுது. பிருடையைத் திருப்பிச் சேர்த்துட்டு அப்புறம் வாசி."

போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்தேன். எட்டாவது ட்ராக்கின் ஏ ஸ்வரம் சரியாக நடுவில் நின்றது. ஏழாவதின் ஏ, முள் வலப்பக்கம் சாய்ந்து 28 சென்ட் காட்டியது. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 28 பங்கு. அதே நொடியில் காரணம் தெரிந்துவிட்டது. ஏழாவது ட்ராக் ஓடிய டெக்கில் (ஒரு ட்ராக்கை ஓட்டும் பக்கம்) கீ லாக் அணைந்திருந்தது; வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்து வைப்பது அதுதான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்காது. ஏழாவது ட்ராக் உருவானது 122 பிபிஎம்மில். அதை 124க்கு ஏற்றினால் வேகம் 1.64 சதவீதம் கூடுகிறது. கீ லாக் இல்லாவிட்டால் சுருதியும் அதே 1.64 சதவீதம் ஏறும். 220 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஏ 223.6க்குப் போய்விடும். எட்டாவது ட்ராக் பிறவியிலேயே 124, அதனால் அதன் ஏ 220லேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வித்தியாசமான 3.6 ஹெர்ட்ஸ், நொடிக்கு மூன்று நான்கு முறை சத்தம் ஏறி இறங்கும் அலையாகக் காதில் விழுகிறது. கிக் நொடிக்கு இரண்டு முறை அடிக்கிறது, அலை அதோடு சேராமல் தனியாக ஓடுகிறது. அண்ணன் கேட்ட ஆட்டம் இதுதான். திரையில் இரண்டுக்கும் 8ஏ என்றே போட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு சுருதியில் இருந்திருந்தால்கூட இந்த அலை இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது. ஒரே ஸ்வரத்தைப் பிடித்து இரண்டும் நெருங்கி நின்றதால்தான் பெரியம்மாவின் காதுக்கு அது தம்புராவாகக் கேட்டது.

கீ லாக்கை நான் தெரிந்தேதான் அணைத்திருந்தேன். அதே டெக்கில் அதற்கு முன் ஓடிய ட்ராக்கில் ஒரு பெண் குரல் வருகிறது. கீ லாக் போட்டால் அந்தக் குரலின் மெய்யெழுத்துகள் மழுங்கின. வேகத்தை மாற்றிவிட்டு சுருதியை மட்டும் பழைய இடத்தில் பிடித்து வைக்க மென்பொருள் ஒலியை வெட்டி ஒட்டுகிறது, அந்த ஒட்டுத் தையல் சில ட்ராக்குகளில் கேட்டுவிடும். குரல் முடிந்ததும் மறுபடி போட மறந்துவிட்டேன்.

திருத்த மூன்று வழிகள் தோன்றின. முதல் யோசனை, இரண்டையும் நடுவில் 123இல் ஓட்டுவது. கீ லாக் இல்லாமலே பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளுமே என்று நினைத்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அது நடக்காது. ஏழாவது 14 சென்ட் மேலே போகும், எட்டாவது 14 சென்ட் கீழே வரும், நடுவில் அதே 28. இரண்டு ட்ராக்கும் ஒரே வேகத்தில் ஓடும்வரை எந்த வேகத்தில் ஓட்டினாலும் அந்த விகிதம் மாறாது. இரண்டாவது, இழுவை ஒலிகள் சந்திக்காதபடி மிக்ஸைக் குறுக்குவது. அந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் அவை இரண்டையும் பக்கத்தில் வைத்தேன், அதை விட மனமில்லை. கடைசியில் கீ லாக்கைப் போட்டுவிட்டு, அந்த இடத்தின் வேகத்தை மட்டும் 123க்குக் குறைத்தேன். ஏழாவதை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இழுத்தால் போதும் என்பதால் கிக்கின் கூர்மை அப்படியே நின்றது. ஏழாவது விலகிய பிறகு, எட்டாவது தனியாக ஓடும்போது, எட்டு பாருக்கு 0.1 பிபிஎம் என்ற கணக்கில் மெதுவாக 124க்கு ஏற்றினேன். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அதே லூப்பை ஓட்டினேன். கூடத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. போய்ப் பார்த்தேன், பெரியம்மா தூங்கிவிட்டிருந்தார்.

தங்கையின் குறிப்பு வேறு மாதிரி வந்தது. அவள் சாயங்காலம் வேக நடை போகிறவள். நிமிடத்துக்கு 124 அடி என்பது நல்ல வேக நடைக்குச் சரியான தாளம், அதனால் மிக்ஸைக் காதில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். கையில் கட்டியிருக்கும் வாட்ச் அடிகளின் வேகத்தை வரைபடமாகக் காட்டும். அதைப் படம் எடுத்து அனுப்பினாள். 22, 27, 33 ஆகிய நிமிடங்களில் மூன்று பள்ளங்கள். கூடவே ஒரு வரி: "இங்கெல்லாம் பாட்டு நிக்குது, நானும் நின்னுட்டேன். மூணாவது தடவை கடுப்பாயிடுச்சு அண்ணா, பாதியில எடுத்துட்டேன்."

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ட்ராக்குகளின் பிரேக்டவுன்கள் அவை. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் அற்புதம். கிக் விலகி, பேஸ் கரைந்து, சின்த் மட்டும் மெல்ல விரிந்து... அதற்காகத்தான் அந்த ட்ராக்குகளை வாங்கினேன். ஆனால் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கெடுத்தேன்: 2 நிமிடம் 10 நொடி, 2 நிமிடம் 35 நொடி, 2 நிமிடம் 25 நொடி. 14 நிமிட இடைவெளியில் மொத்தம் 7 நிமிடம் 10 நொடி கிக் இல்லை. ஆடுகிறவரின் பாதி நேரத்தைப் பறித்திருக்கிறேன். அறையில் உட்கார்ந்து ஹெட்போனில் தேர்ந்தெடுக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. நாம் ட்ராக்கின் அழகான இடத்தைக் கேட்டு மயங்கித்தான் அதை எடுக்கிறோம், அந்த அழகான இடம் பெரும்பாலும் பிரேக்டவுனாகவே இருக்கும். அப்படியே 13 அழகான இடங்களை அடுக்கினால் கால் நிற்க இடமில்லாமல் போகும்.

ஐந்தாவது ட்ராக்கை முழுதாக எடுத்துவிட்டேன். அது எனக்கு மிகவும் பிடித்தது. வேறொரு மிக்ஸில் அதற்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தில் பிரேக்டவுனே இல்லாத, ஆறு நிமிடமும் ஒரே பேஸ்லைன் உருண்டுகொண்டே போகும் ஒரு ட்ராக்கை வைத்தேன். தனியாகக் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். யாரும் அதைத் தேடிப் போய்க் கேட்க மாட்டார்கள். ஆனால் சோற்றுக்கு நடுவில் ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி அந்த இடத்தில் அது செய்கிற வேலையை வேறெதுவும் செய்யாது. ஆறாவதின் பிரேக்டவுனில் ஒரு ஹாட் க்யூ (நினைத்த இடத்துக்குத் தாவ வைக்கும் குறி) போட்டு 40 பார் தாண்டிக் குதித்தேன். குதிக்கும் இடம் எட்டு பார் வாக்கியத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் ஸ்நேர் ரோல் (டிரம் உருட்டல்) தப்பான இடத்தில் முடிந்து அசட்டுத்தனமாக ஒலிக்கும். நாலாவதை மட்டும் தொடவில்லை. முதல் பிரேக்டவுன் முழுசாக இருக்கட்டும், அங்கே கேட்கிறவர் மூச்சு வாங்கிக்கொள்வார்.

இப்போது அந்தப் பகுதியில் கிக் இல்லாத நேரம் மூன்று நிமிடம் 20 நொடிக்குக் கீழே வந்துவிட்டது.

நண்பனின் கருத்துத்தான் மனதை மிகவும் உறுத்தியது. "மச்சான், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 58வது நிமிஷத்துல ஏதோ பெருசா வரப் போகுதுன்னு நினைச்சேன். வந்துச்சு. பெருசா இல்ல." மிக்ஸ் முழுவதும் அந்த ஒரு இடத்துக்காகத்தான் கட்டப்பட்டது. பத்தாவது ட்ராக் கரைந்து பதினொன்றாவதின் பேஸ் விழும் இடம். அங்கே அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதிவின் சத்தத்தை அளந்தேன். முதல் பத்து நிமிடம் சராசரியாக மைனஸ் 11.8 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). 45வது நிமிடம் வரும்போது மைனஸ் 8.2. அந்த உச்சத்தில் மைனஸ் 8.1. அதாவது, உச்சம் வருவதற்கு 13 நிமிடம் முன்பே இருந்த சத்தமெல்லாம் செலவாகிவிட்டது. காரணம் என் இடது கை. காது களைக்கக் களைக்க, ஒவ்வொரு புது ட்ராக்கையும் முந்தையதைவிடத் துளி அதிகமாக ட்ரிம் (ட்ராக் உள்ளே வரும் சத்த அளவு) வைத்து ஏற்றியிருக்கிறேன். மீட்டரில் சிவப்பு எரிந்தது, நான் பார்க்கவில்லை. 52வது நிமிடத்துக்குப் பிறகு அலைவடிவம் செங்கல் மாதிரி தட்டையாக இருந்தது. வெட்டுப்பட்ட கிக்கில் அடி இருக்காது, வெறும் பட்பட்டென்ற சத்தம்தான் இருக்கும்.

ட்ரிம்மைச் சரிசெய்வது சுலபம். 13 ட்ராக்குக்கும் அவை உரக்க ஒலிக்கும் பகுதியை வைத்து ஒரே அளவைக் குறித்துக்கொண்டேன், பதிவு மட்டத்தில் 6 டெசிபெல் இடம் விட்டேன். ஆனால் அது மட்டும் போதாது என்று தோன்றியது. சத்தம் சமமானால் உச்சம் இன்னும் தட்டையாகத்தானே போகும்? இங்கேதான் அந்தப் பழைய இரவுகளின் பாடத்தைக் கையால் செய்து பார்த்தேன்.

50வது நிமிடத்திலிருந்து ஹை ஈக்யூவைக் குறைக்கத் தொடங்கினேன். கடிகார முள் கணக்கில் சொன்னால் 12 மணியிலிருந்து 10 மணிக்கு, நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு. குமிழை விரல் நுனியால் தொட்டு, ஒரு பாருக்கு ஒரு மயிரிழை. கேட்கிறவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஹை ஹேட் என்ற தாளத் தட்டின் மினுக்கம் மட்டும் யாரும் கவனிக்காமல் மங்கிப்போகும். அப்புறம் பத்தாவதின் பிரேக்டவுன். அது முடிந்து கிக் திரும்பும்போது, பதினொன்றாவது ட்ராக்கின் கிக்கை மட்டும் ஒலிக்க விட்டேன். பேஸ்லைன் இல்லை. அதற்குத் தோதாக அந்த ட்ராக்கின் தொடக்கமே கிக்கும் ஹேட்டும்தான், பேஸ் 32 பார் கழித்துத்தான் வரும். கால் தயாராகிவிடும், வயிறு இன்னும் காத்திருக்கும். எட்டு பார், பதினாறு பார். வலது கை லோ குமிழில், இடது கை ஹை குமிழில். 32வது பாரின் கடைசி அடியில் கிக்கையும் ஒரே ஒரு அடிக்கு நிறுத்தினேன். அரை நொடிக்கும் குறைவான அமைதி. பிறகு பேஸ் முழுதாக, ஹை 12 மணிக்கு, இரண்டும் ஒரே நேரத்தில்.

முதல் தடவை இதை வாசித்தபோது என் முதுகுத்தண்டில் சிலிர்ப்பு ஓடியது. கண்ட்ரோலருக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டு, இரவு பதினொன்றரை மணிக்கு, ஹெட்போனுக்குள். மறுபடி அளந்தேன். அந்த இடத்தில் சத்தம் முந்தைய பகுதியைவிட ஒரு டெசிபெல்கூடக் கூடவில்லை.

இந்த மாற்றத்தைச் சரியாகப் பிடிக்க ஒன்பது முறை பதிவு செய்தேன். அந்த ஒரு அடி அமைதிதான் கஷ்டம். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கி ஏற்றினால் தாமதமாகிறது, க்யூ பட்டனால் செய்தால் கிரிட் நகர்ந்துவிடுகிறது. கடைசியில் சேனல் ஃபேடருக்குப் பதிலாக, ஒரு டெக்கிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை அந்தப் பக்கத்துக்குத் தட்டி மீட்டேன். கையில் பழகிவிட்டால் அதுதான் துல்லியம்.

இரண்டாவது பதிப்பு 76 நிமிடம். 24 பிட் வேவ் கோப்பாக எடுத்ததில் 1.2 ஜிபி வந்தது. அதிலிருந்து 320 கேபிபிஎஸ் எம்பி3 செய்தேன், 182 எம்பி. எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும் என்பதால் மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்தியிருக்கிறேன். மாஸ்டரிங் என்று வேறு எதையும் செய்யவில்லை. ட்ராக்குகள் ஏற்கெனவே மாஸ்டர் ஆனவை, அவற்றை மறுபடி அழுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மிக்ஸ்களைப் பகிரும் தளமான மிக்ஸ்கிளவுடில் ஏற்றும்போது ட்ராக் பட்டியலை நேரத்தோடு முழுமையாகக் கொடுத்தேன். அந்த ட்ராக்குகளை ஆக்கியவர்களுக்கு உரிமைத்தொகை போய்ச் சேர அது உதவும். அதைச் செய்யாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கை நேற்று வரைபடம் அனுப்பினாள். ஒரே ஒரு பள்ளம், 22இல். நண்பன் "இப்ப வந்துச்சு மச்சான்" என்று மட்டும் எழுதினான். பெரியம்மா ஊருக்குப் போய்விட்டார். கண் நன்றாகத் தெரிகிறதாம்.

அண்ணன் இன்று காலை அனுப்பினார்: "41 சுத்தம். 66:20 பாரு, ரெண்டு ஹேட்டும் ஒண்ணா கொறிக்குது." பார்த்தேன். பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் சேரும் இடம். இரண்டு ஹை ஹேட்டும் ஒரே இடத்தில் விழுகின்றன, ஒன்று நேராக, இன்னொன்று துளி ஊசலாடி. பழையதன் ஹையை 16 பார் முன்னதாகவே குறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்கிறேன்.